பத்தேகால் மணி

வேப்பமரத்தடியில ஹெட்மாஸ்டரு மருதாசலம் நோட்டும் பென்சிலுமா வந்து நின்னாருன்னா போதும், பியூன் அருணகிரிக்குப் பொறுக்காது.

"ஏனுங்க சாமி, தெனமும் என்னத்தத்தான் எழுதறீங்க? என்ற மீசையில எத்தன நரைன்னு எண்ணறீங்களா?"

"லேட்டா வாரவன் பேரு."

அவ்வளவுதான். அதுக்கு மேல அந்த வாயில இருந்து ஒரு சொல்லு புடுங்க முடியாது.

பரமத்தி வேலூருப் பக்கத்துல ஒரு ஜில்லா போர்டு ஐஸ்கூல் அது. போன வருசம் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துல இருவத்தஞ்சு பேரு பரீச்ச எழுதி, மூணே பேரு தேறுனாங்க. மிச்சப் பேரு அம்புட்டும் கவுந்தது கணக்குல. 'இந்த வருசமும் இப்பிடியே போனா மூடிருவோம்'னு போர்டுல இருந்து காயிதம் வந்துருச்சு. புதுசா வந்த மருதாசலம் பெரம்பத் தொடல. நோட்டத்தான் தூக்குனாரு.

ஆறாம் பாரத்துப் பசங்கள்ல பாதிக்கு மேல கொடிக்கால்காரங்க. விடியால வெத்தல கிள்ளி, அடுக்கி, கட்டிக் குடுத்துப்போட்டு ஓடியாரதுக்குள்ள பத்து மணி அடிச்சுரும். மணி அடிச்சா கேட்டைச் சாத்தோணும், அது சட்டம். பிந்தி வந்தவன் மொத பீரியடு முடியற மட்டும் வெளியதான் நிக்கோணும்.

மொத பீரியடு கணக்கு.

மணி அடிக்கறதும் அருணகிரி, சாத்தறதும் அருணகிரி. கம்பிக்கு அந்தப் பக்கம் பதினஞ்சு, பதினாறு பேரு மூச்சு வாங்க நிக்கறதப் பாக்க அவனுக்கு ஆகல.

"அந்தாளு இவனுங்களக் கழிச்சுக் கட்டத்தான் பேரெழுதறாரு புள்ள"ன்னு பொண்டாட்டி பாப்பாயிகிட்டச் சொன்னான். "நல்லாப் படிக்கறவன் நாலு பேர மட்டும் பரீச்சைக்கு அனுப்பிச்சா, நாலுக்கு நாலு தேறுச்சுன்னு மாரு தட்டிக்கலாமல்லோ!"

"உங்குளுக்கு எதுக்குங்க ஊரு வம்பு? மணிய அடிச்சமா, ஊட்டுக்கு வந்தமான்னு இருங்க."

இருப்பானா?

ஐப்பசி மொத தேதி. ஆபீசுச் சுவத்துக் கடியாரத்தத் தூசி தட்டறப்ப, பெரிய முள்ளக் கண்ணளவா கொஞ்சம் பின்னால தள்ளி உட்டான். மத்தியானம் சோத்து நேரத்துல முன்னால தள்ளிச் சரி பண்ணிட்டான். மறுநாளும் அப்பிடியே. அப்பறம் தெனமும் அதே பொழப்பு.

கேட்டுக்கு வெளிய ஒரு ஈ, காக்கா கெடையாது. ஹெட்மாஸ்டரு வெறும் மரத்தடியில நோட்டோட நின்னாரு. அருணகிரிக்குச் சிரிப்பு தாங்கல.

ஒரு எரிச்சல்தான். காலையில வந்ததும் வராததுமா அந்த மனுசன் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, கைக்குட்டைய எடுத்துக் கடியாரக் கண்ணாடியத் தொடப்பாரு.

"ஏனுங்க, நான் இப்பத்தானுங்க தொடச்சேன்!"

"தூசி இருக்குதப்பா."

'எனக்குத் தெரியாத தூசி இவருக்கு மட்டும் எங்கிருந்து வருதோ'ன்னு அருணகிரி மூஞ்சியத் திருப்பிக்குவான்.

கார்த்திகையில ஒருநா நோட்டு மேசமேல தொறந்து கெடந்துச்சு. அருணகிரி எட்டிப் பாத்தான். எல்லாம் இங்கிலீசு. ஆனா மணியடிக்கறவனுக்கு நம்பரு தெரியாமப் போவுமா? பக்கத்துக்குப் பக்கம், தேதிக்குத் தேதி, 10-15, 10-15, 10-15.

பொழுது சாஞ்சதும் ஊட்டுக்கு ஓடுனான்.

"பாப்பாயி, அந்தாளு கோட்டுப் பையில தொங்கற கடியாரம் சும்மா அழகுக்குன்னு நெனச்சேன். அது ஓடுது புள்ள!"

"போச்சு! இன்ஸ்பெக்டரு வந்தா வேலை காலி. அப்பறம் அடுப்புல உங்க மீசையத்தான் வேவிக்கோணும்."

இன்ஸ்பெக்டரும் வந்தாரு. மொத வேலையா நோட்டத்தான் வாங்குனாரு. அருணகிரி கதவோரம் நின்னு எட்டிப் பாத்தான்.

இன்ஸ்பெக்டரு இங்கிலீசத் தமிழாக்கி வாய்விட்டே படிச்சாரு. "ஆவணி, புரட்டாசி. மணி பத்து. வெளியே நின்றவர்கள் தினமும் பதினஞ்சுக்கு மேலே. காலாண்டுப் பரீட்சையில் கணக்கு தேறினது நாலு பேர்." பக்கத்தைத் திருப்புனாரு. "ஐப்பசி, கார்த்திகை. மணி பத்தேகால். வெளியே ஒருத்தருமில்லை. அதே வாத்தியார், அதே பையன்கள். அரையாண்டில் கணக்கு தேறினது பதினெட்டு."

கண்ணாடியக் கழட்டிக்கிட்டு நிமிந்தாரு. "சரி, மணியை மாத்தினது யாரு?"

அருணகிரி முன்னால வந்தான். தோள்ல கெடந்த பியூன் பட்டை டவாலியக் கழட்டி மேசமேல வெச்சான். வாயத் தொறக்கறதுக்குள்ள ஹெட்மாஸ்டரு முந்திக்கிட்டாரு.

"கடியாரம் பின்னால ஓடுதுங்க. ரிப்பேருக்கு அனுப்பாம உட்டது என்ற தப்புதானுங்க."

இன்ஸ்பெக்டரு கடியாரத்தப் பாத்தாரு. டவாலியப் பாத்தாரு. மீசையோரம் ஒரு சிரிப்பு ஓடுச்சு.

"கடியாரத்தை ரிப்பேர் பண்ணிடுங்க. மணி மட்டும் பத்தேகாலிலேயே அடிக்கட்டும். போர்டுக்கு நான் எழுதிக்கறேன்."

அவரு போன பொறகு அருணகிரி தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான்.

"ஏனுங்க சாமி, முள்ளத் தள்ளுனது நாந்தான்னு உங்குளுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?"

"மொத நாளே தெரியும்."

"அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்த திட்டுல?"

மருதாசலம் டவாலிய எடுத்து அவங் கையில குடுத்தாரு.

"இப்பத் திட்டறேன், கேட்டுக்க. ஒருநா பத்து நிமிசம் தள்ளற, ஒருநா அரைமணி தள்ளற. அப்பறம் நோட்டுல கணக்கு எப்பிடிப்பா ஒத்து வரும்? தெனமும் தூசி தொடைக்கற சாக்குல முள்ளக் கால்மணிக்குக் கொண்டாந்து நிறுத்தி நிறுத்தியே என்ற கை ஓஞ்சு போச்சு!"