சர் ரால்ஃபின் சுண்டுவிரல்

"ஈரத்துணி! நானூத்தம்பது வருஷத்துப் படத்து மேல ஈரத்துணி! உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா ஹெஸ்டர்?"

மாளிகையின் சொந்தக்காரர் சர் பியர்ஸ் போட்ட சத்தத்தில், கூடத்துக்கு வெளியே வரிசையில் நின்ற பார்வையாளர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

ஹெஸ்டர் கையிலிருந்த துணியில் கறுப்புச் சாயம். சுவரில் மாட்டிய படத்தில், தங்கச் சங்கிலியும் மடிப்புக் கழுத்துப்பட்டையுமாக நின்ற சர் ரால்ஃபின் கறுப்புச் சட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு தெரிந்தது.

மரப்பலகையில் வரைந்த படம் அது; குளிர்காலம் முழுக்க லண்டனுக்குப் பழுதுபார்க்கப் போயிருந்தது. நேற்று மாலைதான் திரும்பி வந்து சுவரில் ஏறியது. இன்று ஈஸ்டர் திங்கள், மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறக்கும் நாள்.

"புகைபோக்கியில இருந்த காக்காக் கூடு சரிஞ்சு விழுந்துடுச்சுங்கய்யா. படமெல்லாம் ஒரே கரி. பதினோரு மணிக்கு ஜனங்க வந்துடுவாங்க. அதான் லேசா..."

"லேசாவா? சட்டையவே உரிச்சிட்டியே!"

"பன்னெண்டு வருஷத்துக்கு முந்தியும் இப்படித்தான் கரி விழுந்துச்சு. இதே மாதிரிதான் துடைச்சேன். அப்ப ஒண்ணும் ஆகலீங்க."

"அடடே, இது முதல் தடவையே இல்லையா?" என்று நடுவில் புகுந்தாள் மிஸ் பிம். வருகிறவர்களுக்குப் படத்தின் கதையைச் சொல்வதும், பழைய நாற்காலிகளில் யாரும் உட்காராதபடி முள்பூ வைப்பதும் அவள் வேலை. "அடுப்படிச் சுவர்னு நினைச்சுத் தேய்ச்சிருக்கா. நல்லவேளை, மூஞ்சிய விட்டு வெச்சாளே!"

வெளியே ஓர் அம்மாள் உச்சுக்கொட்டினாள். முப்பத்தொரு வருஷம் அந்தப் படத்தைத் தூசி தட்டியவளுக்காக இல்லை. பரிதாபமெல்லாம் படத்துக்குத்தான்.

"இன்னையோட நின்னுக்க" என்றார் சர் பியர்ஸ். "ஜூன் மாசம் யோவான் திருநாளுக்குள்ள வீட்டையும் காலி பண்ணிடு."

தோட்டத்து மூலையில் இருக்கும் அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போச்சு. அந்த வீட்டில்தான் பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிறான் அவள் புருஷன்.

"ஐயா, வில்ஃப் எழுந்து நடக்க மாட்டாரு. அவரைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? வீட்டை மட்டுமாவது..."

"எங்க வம்சத்துக்கே மூலபுருஷர் அவர். அவரை அழிச்சிட்டு, என்கிட்டயே வீடும் கேக்கறியா?"

அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரே ஒரு நிமிஷங்கய்யா. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

படத்தின் அருகே போனாள். "மன்னிச்சுக்குங்க சர் ரால்ஃப்" என்றாள். நகராமல் அங்கேயே நின்றாள். சர் ரால்ஃபின் கையையே பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன பாக்கற?" சர் பியர்ஸின் குரல் சட்டென்று இறங்கியது.

"சுண்டுவிரல் ஓரத்துல ரெண்டு புழு ஓட்டை இருக்குமேங்க. தூசி போய் அடைச்சுக்கும், ஊதி ஊதி எடுப்பேன். இப்ப கண்ணுக்கே தெரியலை."

அழுகையினூடே சிரித்தாள்.

"கண்ணும் போயிடுச்சு போல. நீங்க என்னை அனுப்பறது நியாயந்தாங்கய்யா."

"வயசாயிடுச்சு ஹெஸ்டர்" என்றார் சர் பியர்ஸ் மிகவும் கனிவாக. "வீட்டுக்குப் போ. ஓய்வெடுத்துக்க."

அவள் போனாள். மிஸ் பிம் பார்வையாளர்களைத் தோட்டத்துப் பக்கம் ஓட்டிச் சென்றாள்.

சர் பியர்ஸ் கூடத்தின் கதவைத் தாழிட்டுவிட்டு, லண்டனுக்குப் போன் போட்டார்.

"நீ வரைஞ்சு குடுத்த நகல் சரியாவே காயலைய்யா, துணியோட வந்துடுச்சு. உடனே இன்னொண்ணு வரை. அசலை வாங்கினவர் வாயே திறக்க மாட்டார், அந்தக் கவலை வேண்டாம். இங்கயும் யாருக்கும் சந்தேகமில்ல. கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளை இப்பத்தான் வேலைய விட்டு அனுப்பினேன்."

போனை வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்தார்.

"எதுக்கும் இந்தத் தடவை, சுண்டுவிரல் ஓரத்துல ரெண்டு புழு ஓட்டை போட்டுடு."