பர்கூர்க்காரி

"போ! அந்தப் பர்கூர்க்காரி வூட்டுக்கே போ! இனிமே என் மூஞ்சியில முழிக்காதே!"

செல்லி போட்ட கூச்சலில், ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட ஈரச் சேலையோடு கரையேறி வந்துவிட்டார்கள்.

அவள் புருஷன் சென்றாயன் வாசற்படியை விட்டு இறங்கினான். கக்கத்தில் சுருட்டிய பாய். துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றி மூடியிருந்தான்.

"மொகத்தை மூடிக்கிறான் பாரு. அந்த மட்டுக்கும் வெக்கம் இருக்குது," என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா.

"யாருக்கா அந்தப் பர்கூர்க்காரி? நீ பாத்தியா?"

"நான் எங்கே கண்டேன்? அணைக்குக் கல்லு ஒடைக்கப் போன எடத்துல புடிச்சுக்கிட்டானாம். ஒரு மாசமா செல்லிதான் சொல்லிச் சொல்லி அழுவுது."

காவேரிப்பட்டணத்தின் ஆற்றங்கரைத் தெருவில், பழைய கோட்டைக் கல்லை எடுத்து வைத்துக் கட்டிய நான்கு வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நான்கும் கோவிந்தப்பனுக்குச் சொந்தம். மேலே அணை வேலை ஆரம்பித்ததிலிருந்து ஊரில் வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைப்பதில்லை.

நான்கில் ஒன்று பூட்டிக் கிடந்தது. தை மாதம் சென்னகிருஷ்ணன் அதில் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தான். செத்த நாள் சரியில்லை, வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். காரியம் முடிந்த கையோடு கோவிந்தப்பன் பூட்டுப் போட்டார். நோயில் போனவன் பெண்டாட்டிக்கு ஊரில் வேறு யாரும் வீடு கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் அவள் பிள்ளைகளோடு ஆற்று மணலில் பொங்கித் தின்றாள். பிறகு எங்கே போனாளோ தெரியாது. அவள் அடுப்புக் கூட்டிய மூன்று கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

சென்றாயன் அந்தப் பூட்டைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான்.

"பாத்துக்கோடா, நல்லாப் பாத்துக்கோ," என்றாள் வெள்ளையம்மா. "செல்லிக்கும் அந்தக் கதிதான். உனக்கென்ன, மாப்பிள்ளை மாதிரி கெளம்பிட்டே!"

அதற்குள் உள்ளேயிருந்து முனிலட்சுமி ஓடி வந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. "அப்பா, நானும்!" என்று அவன் காலைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"கிட்ட வராதே! போ அங்கிட்டு!" நெருப்பை மிதித்தவன்போலப் பின்னால் நகர்ந்தான்.

"பெத்த புள்ளையை நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறானே, பாவி!" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

செல்லி பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து அவன்மேல் வீசினாள். "இதையும் எடுத்துக்கிட்டுப் போ! உன் சாமான் ஒண்ணும் என் வூட்டுல இருக்கக் கூடாது!"

அதை அவன் கீழே விழவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

சத்தம் கேட்டுக் கோவிந்தப்பன் வந்து சேர்ந்தார். செல்லி அவர் காலில் விழுந்தாள்.

"அண்ணா, நானும் புள்ளையும் எங்கே போவோம்? ரைஸ்மில்லுல ஒழைச்சு வாடகை குடுத்துடறேன். எங்களைத் தெருவுல விட்டுடாதீங்க."

கோவிந்தப்பன் தெருமுனையில் மறையும் முதுகைப் பார்த்தார். "எழுந்திரும்மா. அந்தப் பய ஓடுனதுக்கு நீ என்ன பண்ணுவே? நோய் நொடி, சாவுன்னாத்தான் எனக்கு ஆகாது. நீ இரு."

"அண்ணா..."

"ஆனா ஒண்ணு. நாளைக்கே அவ தொரத்திவுட்டான்னு வந்து நிப்பான். எரக்கப்பட்டு உள்ளே சேத்தே, ரெண்டு பேரையும் அன்னிக்கே வெளியே தள்ளிருவேன். அவன் காலு என் வாசப்படியில படக் கூடாது."

செல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"படாதுண்ணா," என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் சிரித்துக்கொண்டே கேட்டான். ஊர்ச்செய்தி அவனுக்கு முன்பே எட்டிவிட்டது. "என்ன மாப்ளே, பர்கூருக்கா?"

"கிருஷ்ணகிரி போதும்."

மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவின் கோடியில் சென்றாயன் பாயை விரித்துப் படுத்திருந்தான். துண்டை வாயிலிருந்து எடுத்திருந்தான். அதில் ரத்தம் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. இரண்டு நுரையீரலும் அரித்துப் போய்விட்டது, இனி மருந்துக்கு வேலையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆயா கெம்பம்மா அவன் தலைமாட்டில் தண்ணீர் வைத்தாள். அவன் மூட்டையைப் பிரித்தான். ராகிக் களி. நடுவில் குழித்து, கொள்ளுத் துவையல் வைத்துக் கட்டியிருந்தது. களியில் இன்னும் சூடு இருந்தது.

"யாருப்பா கட்டிக் குடுத்தது?"

"பொண்டாட்டி."

"புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

கெம்பம்மாவுக்குப் புரியவில்லை. "இத்தனை பாசமா கட்டிக் குடுக்கறவ இருக்கறப்போ, நீ எதுக்குப்பா இந்த வராந்தாவுல அனாதையாக் கெடக்கணும்? டாக்டரே கைவிட்டுட்டாரு. இருக்கற நாளைக்குப் பொண்டாட்டி புள்ளை மொகத்தைப் பாத்துக்கிட்டு வூட்டுல கண்ணை மூடக் கூடாதா?"

சென்றாயன் களியைப் பிட்டான். வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"வாடகை வூடுங்கம்மா."