மலையிலிருந்து வந்த மண்

பாலாற்றங்கரை வயலில் ஆறடிக் குழி. உள்ளே நின்று மண்ணாய்வாளர் ஹம்சினி ஒரு பிடி மண்ணை நனைத்து, கட்டைவிரலால் நாடாவாகப் பிதுக்குகிறாள். விரற்கடை நீளம் வந்ததும் அது அறுகிறது. குழிச்சுவரில் வெயில் பட்டு மைக்காத் துகள்கள் மினுங்குகின்றன. "மணலும் களியும் கலந்த இருவாட்டிதாம்மா. அடி வரைக்கும் வண்டல். நந்தி மலையிலேர்ந்து ஆறு கொண்டுவந்தது" என்று ஒரு கட்டியைப் பெயர்த்து மேலே நீட்டுகிறாள். நிலத்துக்காரி தனபாக்கியம் அதை இரு கையாலும் வாங்குகிறாள். "அந்த மலையாண்டதான் எம்புள்ள வேலைல கீறான். ரெண்டு வருசமா வந்துட்றேன், வந்துட்றேன்னு சொல்லிகினே கீறான்." வறண்டு கிடக்கும் ஆற்றை ஒருமுறை பார்க்கிறாள். "மண்ணுக்கு வழி தெரிஞ்சிகீது பாரு." மாதிரிப் பையில் போட ஹம்சினி கட்டியைத் திருப்பிக் கேட்டுக் கை நீட்டுகிறாள். தனபாக்கியத்தின் விரல்கள் திறக்கவில்லை. ஹம்சினி திரும்பி, சுவரிலிருந்து வேறொரு கட்டியைப் பெயர்க்கிறாள்.