மொய் வாங்கினால் மறைகிற எழுத்து

செக்கானூரணி ஒச்சப்பன் தன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் மண்டபத்து வாசல் பேனருக்கும் நெட்டில் இலவசமாகக் கிடைத்த எழுத்துருவைத்தான் போட்டார். எழுத்துக்குக் காசு கொடுப்பது காற்றுக்குக் காசு கொடுப்பது மாதிரி என்பது அவர் கட்சி.

தாலி கட்டி முடிந்து, மைக்கில் முதல் மொய்யை அறிவித்ததுதான் தாமதம், பேனரில் இருந்த எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. விருந்தாளிகள் போனில் இருந்த பத்திரிகையும் வெள்ளையாகிவிட்டது. உடனே எழுத்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஐயா, அது சொந்த உபயோகத்துக்கு மட்டுந்தான் இலவசம்."

"என் மக கல்யாணத்த விடச் சொந்தம் என்னம்மா இருக்கு?"

"மொய் வாங்குறீங்களே, அது வியாபாரம்."

"வியாபாரமா! நாளைக்கே நான் திருப்பிச் செய்யணும்மா!"

"அப்ப அது கடன் கம்பெனி. லைசென்ஸ் ரெண்டு மடங்கு. மொய்ய நிறுத்துங்க, எழுத்து தானா வந்துரும்."

ஊரெல்லாம் அவர் செய்து வைத்த மொய் திரும்பி வருகிற நாள் அது. "பேரு போனாப் போகுது, நீங்க மொய் எழுதுங்கப்பா" என்றார் ஒச்சப்பன்.

எதிர் மண்டபத்துக் கல்யாணத்துக்கும் அதே இலவச எழுத்து. அங்கேயும் மொய் தொடங்கிவிட்டதால் பேனர் வெள்ளை. பிறகு வந்த ஜனம் இரண்டு பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாம்பார் வாசம் வந்த எதிர்ப்பக்கம் நுழைந்தது. ஒச்சப்பன் மண்டபத்தில் இன்னும் இலை போடவில்லை.

தான் பெரிய மொய் செய்திருந்த கருமாத்தூர் சங்கையாவுக்காக அவர் வாசலில் காத்திருக்கையில், எதிர் மண்டபத்து மைக் முழங்கியது:

"கருமாத்தூர் சங்கையா, ஒரு லட்சத்து ஒண்ணு! பழைய மொய் இன்னையோட நேராயிருச்சுன்னு சொல்லச் சொல்றாரு!"