ஏழு நூல் துண்டுகள்

இறால் ஏற்றுமதி கம்பெனி மேனேஜர் கிருபாகரன் அந்த சிசிடிவி காட்சியை மூன்றாம் முறையாக ஓட்டிப் பார்த்தார்.

சந்தேகமே இல்லை. சூப்பர்வைசர் பகவதி கையுறைக்குள்ளிருந்து எதையோ எடுத்து, இறால் தட்டில் போடுகிறாள்!

போன வருஷம் ஒரே ஒரு தலைமுடிக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் சரக்கு திரும்பி வந்தது. கம்பெனி எழுந்து நிற்க ஆறு மாசம் ஆயிற்று. இப்போது கம்பெனி ஆளே குழி பறிக்கிறாள்!

அந்தச் சூட்டிலேயே டிஸ்மிஸ் ஆர்டர் எழுதி, பேனாவை அவசரமாகச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு கீழே பகவதியிடம் இறங்கினார்.

"தட்டுல என்னம்மா போட்டீங்க?"

"பச்சை நூலு சார். காலையிலேர்ந்து ஏழு துண்டு போட்டிருக்கேன்."

வாய் கூசாமல் சொல்கிறாளே! மேஜையில் இருந்த தட்டுகள்மேல் ஒவ்வொன்றாகக் குனிந்து தேடினார். இறாலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எங்கன இருக்கு?"

"உங்க கண்ணு முன்னாலதான் சார் இருக்கு. விடுங்க, பிள்ளைங்க எடுத்துருவாளுவ."

தட்டுகள், பெண்கள் சோதித்துப் பொறுக்கும் கடைசி மேஜைக்கு நகர்ந்தன.

"எதுக்கு இந்த வேலை?"

"நாள் கணக்கா ஒண்ணுமே வரலேன்னா கண்ணு மரத்துப்போயிருது சார். முடி கெடந்தாலும் இறாலுதான் தெரியும். போன வருஷம் அந்த முடி என் கண்ணு முன்னாலதான் போச்சு. அதுலேர்ந்து தினமும் போடுதேன். ஏழும் திரும்பி வராம ஒரு பெட்டி ஒட்ட விடமாட்டேன்."

கிருபாகரனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் மேனேஜர் ஆயிற்றே!

"ஒண்ணு குறைஞ்சாலும் இந்த ஆர்டரை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிரணும்."

"சரி சார்."

அரைமணி நேரத்தில் கடைசி மேஜை முத்துச்செல்வி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பகவதி எண்ணினாள். ஏழு பச்சைத் துண்டு. ஒன்றும் குறையவில்லை.

அசந்துபோனார் கிருபாகரன். தான் தேடிக் காணாததை இந்தப் பெண்கள் பொறுக்கி எடுத்துவிட்டார்களே!

"இன்னொண்ணும் கெடந்துச்சுக்கா" என்றாள் முத்துச்செல்வி. "வெள்ளையா, இறாலோட இறாலா."

அவள் நீட்டியது ஒரு பேனா மூடி.

கிருபாகரனின் கை தானாகப் பைக்குப் போனது. பேனா இருந்தது. மூடி இல்லை.

பகவதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மூடியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கெட்டிக்காரிதாம்ளா நீ! இன்னைக்கு நான் எட்டுல்லா போட்டேன்."