மூன்றாம் எண் பயணி

"கொஞ்சம் நிறுத்துங்க. குழந்தைக்குத் தாகமா இருக்கு."

"நடுவுல எல்லாம் நிறுத்த முடியாது. அடுத்த நிறுத்தம் இருநூத்து நாப்பதாவது கிலோமீட்டர்ல."

கணவர் திரும்பிப் பார்க்காமல்தான் பதில் சொன்னார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில், பார்வை நேர் எதிரே. பின்சீட்டில் மனைவி. அவளுக்குப் பக்கத்தில், குழந்தை இருக்கையில் பெல்ட்டுக்குள் திமிறிக்கொண்டிருந்த இரண்டு வயது மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். அப்பாவின் அட்டவணையில் 'மூன்றாம் எண் பயணி'.

அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஒருமுறை கேன்டீன் அடுப்பிலிருந்து தீ பரவியபோது, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்த சமையல்காரருக்கு, முதலில் மணியடிக்கவில்லை என்று மெமோ கொடுத்தவர். அந்த மெமோவின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார்.

நாட்டின் மறுகோடியில் மனைவியின் அக்கா வீடு. காரில் மூன்று நாள் பயணம். அக்கா இன்னும் வாண்டுவை நேரில் பார்க்கவில்லை. முதல் வருட விடுமுறையில் பச்சைக் குழந்தை என்று கணவர் தள்ளிப்போட்டார். போன வருடம் பல் முளைக்கிற நேரம் என்றார். இந்த வருடம் சாக்கு எதுவும் கிடைக்காததால் விதி போட்டார்: குழந்தை ஐந்து தவறு செய்தால் பயணம் ரத்து. பதினான்கு பக்க அட்டவணையில் அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எப்படியாவது அக்காவைப் பார்த்தால் போதும் என்று அவளும் படித்துப் பார்க்காமலேயே போட்டுக் கொடுத்தாள்.

காலை ஆறு மணிக்குக் காரில் ஏறியது. இப்போது மணி ஒன்பது. அதற்குள் நான்கு தவறுகள்.

பிஸ்கட்டைச் சீட்டில் தேய்த்தது முதல் தவறு. ஏழரைக்குத் தூங்க வேண்டியவள் ஏழேகாலுக்கே தூங்கி ஏழரைக்கு எழுந்துவிட்டது இரண்டாவது. எழுந்த நிமிடத்திலிருந்து "கார் போ, கார் போ" என்று ஓயாமல் நச்சரித்தது மூன்றாவது. 'ஓட்டுநரின் கவனத்தைக் கலைத்தல்' என்று அதைப் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டார். தண்ணீர் பாட்டில் காலியானது நான்காவது. அது குழந்தையின் தவறா, தாயின் தவறா என்று சற்று யோசித்து, பெருந்தன்மையாகக் குழந்தையின் கணக்கில் சேர்த்தார்.

"கண்ணாடியையாவது முழுசா இறக்குங்களேன். புழுங்குது" என்றாள்.

இரண்டு விரல் அளவுக்குமேல் இறக்கக் கூடாது, நெடுஞ்சாலைத் தூசி என்றார். பிறகு "இடது பக்கம் வளைவு" என்று அறிவித்துவிட்டு, அவரே கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தார்.

"தன்னி" என்றது வாண்டு.

"நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்குத் தாகம்னு நிறுத்துவோம். நாளைக்கு மாடு பார்க்கணும்பா, குரங்கு பார்க்கணும்பா. ஒரு பயணத்தோட ஒழுக்கமே போயிடும்."

"மாடும் குரங்கும் பார்க்கத்தானேங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போறது."

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குட்டிச் செருப்பு பறந்து வந்து அவர் பிடரியில் பட்டு மடியில் விழுந்தது. வாண்டு கைதட்டிச் சிரித்தது.

அவர் நிதானமாகப் போனை எடுத்தார். "பதிவு எண் பதினேழு. மணி ஒன்பது நாலு. மூன்றாம் எண் பயணி ஓட்டுநரைத் தாக்கியுள்ளார்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஞ்சு ஆயிடுச்சு. பயணம் ரத்து. அடுத்த வருஷம் பார்ப்போம். உங்கக்காவுக்கு நானே போன் பண்ணிப் பக்குவமாச் சொல்லிடறேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாகத் தெரிந்தது.

மனைவி தன் பெல்ட்டைக் கழற்றினாள்.

"பெல்ட்டைப் போடு. மலைப்பாதையில இருக்கோம். வண்டி அறுபதுல போகுது."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். காலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் எதிரே பார்த்தபடியே, அப்பட்டமான விதிமீறல் என்று ஆரம்பித்துப் பதிவு எண் பதினெட்டைச் சொல்லி முடிப்பதற்குள், நிரம்பிய பாட்டிலோடு திரும்பி வந்து குழந்தையின் வாயில் வைத்தாள். வாண்டு மடக் மடக்கென்று குடித்தது.

பிறகு காரைச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"ரெண்டு பக்கமும் பள்ளம். இந்த இடத்துல ஓட்டுநர் மாறக் கூடாது. பக்கம் ஒன்பதுல தெளிவா..."

"மூணு வருஷமா உங்க அட்டவணைக்குத் தலையாட்டினேன். இனிமே ஆட்ட மாட்டேன். எங்கக்கா வாசல்ல நிக்கிறா. நானும் என் பொண்ணும் போறோம். வர்றதா இருந்தா பின்னாடி போய் அவ பக்கத்துல உட்காருங்க. இல்லைன்னா பக்கம் ஒன்பதோட இங்கேயே இருங்க."

அவர் பதினான்கு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, பின்சீட்டுக்குப் போய்த் தன் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டார்.

அவள் முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மூன்று மணி நேரத்தில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் ஒத்திகையைச் சொந்த வீட்டுக் கொட்டகைக்குள்ளேயே சுவரைப் பார்த்தபடி ஓடி முடித்திருந்த அந்தக் கார், அன்றைக்கு முதல்முறையாக உறுமி, பின்பக்கமாக நகர்ந்து தெருவுக்கு வந்தது.