பெருவிரல் பள்ளம்

தீபாவளிக்கு மருமகள் வளர்மதி முதன்முதலாகத் தட்டை சுட்டாள். மாவைத் துணியில் தட்டிக் கொடுத்தவன் நான். கோணிப்போன என் பெருவிரல் ஒவ்வொரு தட்டையிலும் பள்ளம் போட்டது. தூக்குவாளியில் போட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்ததில் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் தூக்கைத் திருப்பக் கூடாதென்று அவர்களும் பலகாரம் போட்டு அனுப்பினார்கள். எதிர்வீட்டு ஜெயக்கொடியின் கைப்பக்குவத்தை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அவள் வீட்டிலிருந்து திரும்பி வந்த தூக்கில் கிடந்த தட்டையைக் கடித்தேன். "பல்லு பேந்துரும் போல! வளரு, உன் தட்டைக்கிட்ட இது நிக்குமா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவள் முகமெல்லாம் சிரித்தாள். கையில் மிச்சமிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அதில் என் கோணல் பெருவிரல் பள்ளம். "அம்புட்டு மோசமா மாமா? குடுங்க, பாப்போம்" என்று கையை நீட்டினாள். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டேன்.